தரங்கம்பாடி: ஒரு கடற்கரைச் சிற்றூரின் கதை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

வரலாற்றுப் பொருள் ஒன்றைப் பற்றிச் சிறிது நேரம் பேசவேண்டும் எனச் செயலாளர் பணித்தார். நாம் புலவர் அல்லேம். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராய் அமர்ந்தோம். சரக்குச் சீட்டுகளிலும் நிலுவைக் கணக்குகளிலும் பழகிய கை இது. ஆகவே பிழை காணின் பொறுத்தருளுமாறு முன்னரே வேண்டிக்கொள்கின்றோம்.

நாள்தோறும் நாம் பணிக்குச் செல்லும்போதும் திரும்பும்போதும் நம் கண்ணெதிரே நிற்கின்றது மௌலா அலிக் குன்று. குதுப் ஷாஹி அரசர் காலத்தில், 1578-ஆம் ஆண்டில், யாகூத் என்னும் அரண்மனைப் பணியாளர் கண்ட கனவினால் அக்குன்றின்மேல் தொழுகைக்குரிய இடம் எழுந்தது என்பது இங்கு வழங்கும் கதை. இங்கேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அக்கதை தெரியும், நன்று. அதே 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூல் தமிழ் எழுத்தில் அச்சேறியது. அது அவர்களுக்குத் தெரியாது. அவர்களைக் குறை கூறவில்லை. சென்ற ஆண்டு வரை நமக்கே தெரியாது.

மதுரையைப் பற்றியும் தஞ்சையைப் பற்றியும் பேசுவோர் பலர். நாம் எடுத்துக்கொண்டது தரங்கம்பாடி. மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர். காரைக்காலுக்கு வடக்கே கடலோரத்தில் உள்ள சிற்றூர். கோட்டை வாயிலில் நுழைந்தால் கடல் வரை நேராக ஒரே தெரு. விரைந்து நடப்பவர் அரை மணியில் ஊர் முழுவதையும் பார்த்துவிடலாம். நம் தந்தையாரின் ஊர் அதற்கு அருகிலுள்ள ஆக்கூர். சிறு வயதில் அவர் வாய்மொழியாய்க் கேட்டவை சில; சென்ற ஆண்டு விடுப்பில் குடும்பத்துடன் சென்று பார்த்தவை சில; பின்னர்ப் படித்தறிந்தவை சில. இவற்றையே இங்குச் சொல்ல முற்படுகின்றோம்.

தரங்கம் என்றால் அலை. அலை பாடும் ஊர் ஆதலின் தரங்கம்பாடி என்பர். கேட்பதற்கு இனிய விளக்கமே. ஆயினும் அவ்வூர்க் கடற்கரையிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் கல்வெட்டில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் காணப்படுகின்றது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ஆம் ஆண்டளவில் எழுந்த கோயில் அது. அழகிய விளக்கத்தைவிடக் கல் சொல்வதையே நாம் நம்புகின்றோம். பட்டினம் என்னும் சொல்லே, ஐரோப்பியர் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்னரே அது வாணிகம் நடந்த துறைமுகம் என்பதைக் காட்டுகின்றது. டேனியர் வந்துதான் ஊரே உண்டாயிற்று என எழுதுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

இனி டேனியர் கதைக்கு வருவோம். டென்மார்க்கின் அரசர் நான்காம் கிறிஸ்டியன், ஓவே கெட் என்னும் கடற்படைத் தலைவரின் கீழ் 1618-இல் கப்பல்களை அனுப்பினார். அக்கப்பல்கள் வர நினைத்தது நம் நாட்டிற்கு அன்று, இலங்கைக்கு. அங்கு எண்ணியது கைகூடவில்லை. இதற்குள் முன்னே வந்த கப்பல் ஒன்றைப் போர்த்துகீசியர் காரைக்காலுக்கு அருகே தாக்கி அழித்தனர். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் சில தோழர்களுடன் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அவையை அடைந்தார். கப்பலை இழந்து கரையேறியவர், அரசரிடம் உடன்படிக்கை பேசும் அளவுக்கு உயர்ந்தார். 1620-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் உடன்படிக்கை முடிந்தது. ஆண்டுக்கு 3,111 ரூபாய் வாடகைக்கு அவ்வூர் டேனியர் கைக்கு மாறிற்று என்பர். கடலை நோக்கி டான்ஸ்பர்க் என்னும் கோட்டை எழுந்தது.

அவ்வேளையில் இரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்கு ஒரு திருமுகம் விடுத்தார். அது பொன்னேட்டில் பொறிக்கப்பட்டது. இன்றும் கோப்பன்ஹேகன் நகரத்து ஆவணக் காப்பகத்தில் உள்ளது. வாசகம் தமிழில் அமைந்தது. அடியில் அரசர் இட்ட கையொப்பமோ தெலுங்கில் உள்ளது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட மன்னர், தாம் ஆண்ட மக்களின் மொழியில் எழுதித் தம் மொழியில் ஒப்பமிட்டார். தெலுங்கு நாட்டில் வாழும் தமிழராகிய நமக்கு இச்செய்தியைப் படித்தபோது உவகையாயிற்று. சற்று நேரத்தில் உவகை குறைந்து வேறோர் எண்ணம் வந்தது. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

இருப்புப்பாதையில் பணியாற்றும் நண்பர்கள் இங்குப் பலர் இருத்தலால், அடுத்துச் சொல்லப்போவதைச் சற்று விரித்தே சொல்வோம். தொலைவிலுள்ள சிறு நிலையத்தில் தனியே பணிபுரிந்தோர்க்கு மாற்றாள் வராத துன்பம் தெரியும். எட்டு மணி நேரம் என்று போனவர் பதினாறு மணி நேரம் இருந்துவிட்டு வருவார். வந்து ஒரு வாரம் அதையே பேசுவார். தரங்கம்பாடியில் என்ன நடந்தது தெரியுமா? டென்மார்க்கில் போரும் பொருள்முடையும் மிகுந்தன. பல ஆண்டுகள் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை! சம்பளம் இல்லை, சரக்கு இல்லை, கடிதமும் இல்லை. இருந்த டேனியர் ஒருவர் பின் ஒருவராய் மாண்டனர், சிலர் ஓடிப்போயினர். இறுதியில் எஞ்சியவர் ஒரே ஒருவர். எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்பது அவர் பெயர். உயர்குடிப் பிறந்தவரல்லர், சாதாரணக் கோட்டைப் பணியாளராய் வந்தவர். 1655 முதல் அவரே தலைவர், அவரே எழுத்தர், அவரே காவலர் என்று சொல்லும் நிலை. அவர் கோட்டையை விட்டுப் போகவில்லை. உள்ளூர் மக்களைத் துணைக்கொண்டு, தஞ்சைப் படைகள் வந்து நெருக்கியபோதும் காத்தார். ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669-இல்தான் டேனியக் கப்பல் கரைக்கு வந்தது. வந்தவர்கள் கொடி பறக்கக் கண்டு வியந்திருப்பர்!

அம்மதிலுக்கு மண் சுமந்தவர்களும், அத்தனை ஆண்டுகள் அவருக்குச் சோறிட்டவர்களும் நம் மக்களே. அவர்களுள் ஒருவர் பெயரும் ஏட்டில் ஏறவில்லை. வரலாறு எழுதுவோர் கோட்டைக்குள்ளிருந்தே எழுதுகின்றனர் போலும்.

அடுத்து நாம் சொல்ல விரும்புவது எழுத்தைப் பற்றிய கதை. 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்கு, புளூட்சௌ என்னும் இரு ஜெர்மானியர் டென்மார்க் அரசரின் ஆணைப்படி தரங்கம்பாடியில் இறங்கினர். சீகன்பால்குவுக்கு மறுநாள்தான் 24 வயது நிறைந்தது. சமயம் பரப்ப வந்தவர் அவர். அதனை நாம் மறைக்கவேண்டியதில்லை, அதன்பொருட்டு வழக்காடவும் வேண்டியதில்லை. நம் கருத்தைக் கவர்ந்தது அவர் தமிழ் கற்ற முறை. ஆளுநரும் வாணிகரும் போர்த்துகீசிய மொழியை வைத்துக்கொண்டே காலங்கழித்த ஊரில், அவர் ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரை அழைத்துத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்தார். சிறு பிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்தார். அவர்கள் மணலில் விரலால் அகரம் எழுதினால் தாமும் எழுதினார்; அவர்கள் உரக்கச் சொன்னால் தாமும் உரக்கச் சொன்னார். அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளர் பேச்சுத் தமிழில் அவருக்குத் துணை நின்றார். ஓராண்டிற்குள் தமிழில் பேசும் திறன் வந்தது. பின்னர் ஓலைச் சுவடிகளைத் தேடித் தேடித் தொகுத்தார். 1708-இல் அவர் எழுதிய பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்கள் இடம்பெற்றன. திருக்குறளும் அவற்றுள் ஒன்று. 1707-இலேயே பெண் குழந்தைகளுக்கு ஒரு பள்ளியும் தொடங்கினார்.

அவர் வாழ்வு மலர்ப்படுக்கையாய் இருந்ததில்லை. ஓர் ஏழைக் கைம்பெண்ணின் கடன் வழக்கில் நியாயம் பேசியதனால் டேனிய ஆளுநருடன் பகை முற்றி, நான்கு திங்கள் டான்ஸ்பர்க் கோட்டையிலேயே சிறையிருந்தார். அந்த அறையைச் சென்ற ஆண்டு பார்க்க முயன்றோம்; எது அந்த அறை என்பதில் அங்கு இருந்தோர் மூவர் மூன்று விதமாகச் சொன்னார்கள்! தமிழ் மக்களின் தெய்வங்களைப் பற்றி அவர் பெரிய நூலொன்று எழுதி 1713-இல் தாய்நாட்டிற்கு அனுப்பினார். உம்மை அனுப்பியது அத்தெய்வ வழிபாட்டை ஒழிப்பதற்கே அன்றி, அதைப் பற்றிய செய்திகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்னும் கருத்தில் மேலிடத்தார் அதனை ஒதுக்கிவிட்டனர். 1867-இல்தான் அது சென்னையில் அச்சாயிற்று. மேலிடத்திற்கு அறிக்கை அனுப்பிவிட்டு விடைக்குக் காத்திருக்கும் நம் போன்றோர் இதைக் கேட்டு ஆறுதல் கொள்ளலாம்.

அச்சுப்பொறி வந்த கதை அதனினும் சுவையானது. இலண்டனிலிருந்து ஒரு கிறித்துவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தார் அதனை அனுப்பினர். வழியில் பிரெஞ்சுக்காரர் கப்பலைப் பிடித்தனர். மீட்டுக்கொண்டு வருவதற்குள் உடன் வந்த அச்சர் இறந்துவிட்டார். 1712-இல் பொறி மட்டும் கரைசேர்ந்தது. இயக்க ஆளில்லை. நற்பேறாகக் கோட்டைப் படையிலிருந்த ஒரு ஜெர்மானிய வீரருக்கு அச்சுத் தொழில் தெரிந்திருந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினர். 1713-இல் அவை வந்து சேர்ந்தன. ஆனால் அவை மிகப் பெரியனவாயிருந்தமையால் காகிதம் வீணாயிற்று. எனவே தரங்கம்பாடியிலேயே சிற்றெழுத்து வார்க்கலாயினர். ஈயத்திற்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளை மூடியிருந்த ஈயத் தகடுகளை உருக்கினர்! அந்த எழுத்துகள் துணைநிற்க, புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் முழுமையாய் அச்சேறியது. காகிதமும் வேண்டுமே என்று அருகிலுள்ள பொறையாற்றில் பட்டறை அமைத்தனர். அவ்விடத்திற்குக் கடுதாசிப் பட்டறை என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. தமிழில் முதல் அச்சு தரங்கம்பாடியிலேதான் என்று சிலர் மேடைகளில் முழங்குவர், அது பிழை. கொல்லத்து அச்சை முன்னரே சொன்னோம். ஆயினும் எழுத்து வார்த்தல், காகிதம் செய்தல், அச்சிடுதல், பள்ளியில் கற்பித்தல் ஆகிய யாவும் ஒரே சிற்றூரின் எல்லைக்குள் நடந்த பெருமை தரங்கம்பாடிக்கு உண்டு. அதற்குமேல் மிகைப்படுத்த வேண்டியதில்லை.

சீகன்பால்கு 1719-இல், 36 வயதில் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டு அவர் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கமானார். அவருக்குப் பின் வந்தோருள் லின்னேயசின் மாணவராகிய கோனிக் என்னும் செடிநூல் அறிஞரும், பின்னாளில் தமிழகராதி தொகுத்த ராட்லரும் குறிப்பிடத்தக்கவர்கள்.

ஊரின் வாணிகச் செல்வாக்கு மெல்லக் குறைந்தது. 1845-இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேராம்பூரையும் சேர்த்து 12½ இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றனர். சிறிது காலம் தஞ்சை மாவட்ட ஆட்சியரின் தலைமையிடமாக அவ்வூர் விளங்கிற்று. 1860-இல் அதுவும் தஞ்சைக்குப் போயிற்று. தமிழின் முதல் நாவலை எழுதிய வேதநாயகம் பிள்ளை முன்சீபாய் அமர்ந்த ஊர்களுள் தரங்கம்பாடியும் ஒன்று. இவ்வாறு பெருமைகள் இருந்தும் ஊர் ஏன் தாழ்ந்தது? விடை நம் தொழிலில் இருக்கின்றது. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு இருப்புப்பாதை இட்டார்கள். பாதை எங்கோ, சரக்கு அங்கே. சரக்கு எங்கோ, கப்பல் அங்கே. தரங்கம்பாடிக்கு இருப்புப்பாதை வந்தது 1926-இல். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாக ஒரு மீட்டர் பாதை. 65 ஆண்டுகள் தாமதமாய் வந்த வண்டி அது. நாம் பணியாற்றும் துறையில் இதைவிடப் பெரிய தாமதம் பதிவாகியிருக்குமா என்பது ஐயமே.

அந்த வண்டியில்தான் நம் தந்தையார் பள்ளிக்குச் சென்றார். திருக்கடையூரில் மணவிழாக் கூட்டம் ஏறுமாம். பொறையாற்றில் மீன்கூடைக்காரர்கள் ஏறுவார்களாம். வண்டி அவ்வளவு மெதுவாகப் போகுமாம். 1980-களில், நாம் சிறு குழந்தையாய் இருந்த காலத்தில், அப்பாதை மூடப்பட்டது. மீண்டும் இடவேண்டும் என்னும் கோரிக்கை இன்றும் அப்பகுதியில் எழுகின்றது. சென்ற ஆண்டு தந்தையார் நிலையம் இருந்த இடத்தைத் தேடினார். ஓரிடத்தில் நின்று, இதுதான் என்றார். சற்றுத் தள்ளி நின்று, இல்லை, இது என்றார். பிறகு ஒன்றும் பேசாமல் வந்துவிட்டார்.

தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியையும் பிள்ளைகளுக்குக் காட்டினோம். அவ்வூர்க் குடும்பம் ஒன்று தென்னாப்பிரிக்கா சென்று பிழைத்தது. அங்குப் பிறந்த வள்ளியம்மை காந்தியடிகளின் அறப்போரில் சிறை சென்று, 1914-இல் 16 வயதில் உயிர் நீத்தார். 1915-இல் காந்தியடிகளே தில்லையாடிக்கு வந்தார். தம் பெற்றோரின் ஊரை வள்ளியம்மை கண்ணாற் கண்டதில்லை. அயல் மண்ணில் பிறந்த பிள்ளைகளைப் பெற்ற நாம் இதனை எளிதாய்க் கடந்து போக இயலவில்லை.

கடலைப் பற்றியும் சொல்லவேண்டும். கடலே அவ்வூருக்கு வாழ்வு தந்தது. கடலே அதைத் தின்றும் வந்திருக்கின்றது. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதிகள் பல ஆண்டுகளாய் அலையில் சரிந்தன. பின்னரே திருப்பணி நடந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை மீனவக் குப்பத்தில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. கோட்டை நின்றது, குடிசைகள் நிற்கவில்லை. அதன்பின் டேனிய நாட்டாரும், பழைய கட்டடங்களைப் பேணும் இன்டாக் நிறுவனத்தாரும், அரசும் பல கட்டடங்களைச் செப்பனிட்டனர். நன்றியோடு ஏற்கத்தக்க பணி. ஆயினும் அங்கு ஒரு மீனவப் பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, “எல்லாரும் கோட்டையைப் படமெடுக்க வராங்க, அலை எவ்வளவு உள்ளே வந்திருக்குன்னு எங்களைத்தான் கேக்கணும்” என்றார். அவர் கூறிய எல்லைக் கல் இப்போது தண்ணீருக்குள் இருக்கின்றது.

இறுதியாக, முன்னர்ச் சொல்லாமல் விட்டதைச் சொல்லிவிடுகின்றோம். கோட்டை அருங்காட்சியகத்தில் ஒரு பழந்தமிழ் எழுத்தின் முன் நம் மகள் நின்றாள். ஒன்பது வயது, தெலுங்கும் இந்தியும் ஆங்கிலமும் தடையின்றிப் படிப்பாள். பழைய எழுத்துதானே, படிக்க வராது என்று எண்ணினோம். ஆனால் அவள் அதன் அருகிலிருந்த, இக்காலத் தமிழில் எழுதிய பலகையையும் விட்டுவிட்டு ஆங்கிலத்தை மட்டும் படித்தாள். “அப்பா, இதில் என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டாள். பின்னால் நின்ற தந்தையார் நம்மைப் பார்த்தார். இரகுநாத நாயக்கரின் பொன்னேட்டை அவள் கையில் கொடுத்தால் அடியிலுள்ள தெலுங்கு ஒப்பத்தை எழுத்துக்கூட்டியாவது படிப்பாள். மேலுள்ள தமிழ் அவளுக்கு வெறும் கோடுகளே. பிழை அவளுடையதன்று. பணி முடிந்து களைத்து வருகின்றோம், நாளை பார்ப்போம் என்று ஒன்பது ஆண்டுகள் தள்ளியவர் நாமே.

வீடு திரும்பிய பின் ஒரு தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி மாலைதோறும் அவளுடன் அமர்கின்றோம். இப்போது ககர வரிசை முடிந்து சகரத்தில் இருக்கின்றாள். ணகர, னகரத்தில் நமக்கே தடுமாற்றம் வருகின்றது, தந்தையார் திருத்துகின்றார்.

நம் சங்கத்து ஞாயிறு வகுப்பில் பிள்ளைகள் குறைந்துவிட்டமையால் அதனை நிறுத்திவிடலாம் என்னும் கருத்து செயற்குழுவில் எழுந்தது என்று அறிகின்றோம். சென்ற ஞாயிறு நாம் போய் எண்ணினோம், நால்வர் இருந்தனர். நம் மகள் சேர்ந்தால் ஐவர். அடுத்த செயற்குழு கூடுமுன் முடிவெடுக்க வேண்டாம் என்று மட்டும் பெரியோர்களைக் கேட்டுக்கொள்கின்றோம். மயிலாடுதுறைப் பக்கத்துக் குடும்பத்தார் இங்குச் சிலர் உள்ளீர்கள். மூடிய அந்தப் பாதையின் பழைய பயணச்சீட்டோ புகைப்படமோ உங்கள் பெட்டிகளில் இருந்தால் ஒரு ஞாயிறு கொண்டுவாருங்கள்; வகுப்பில் காட்டிவிட்டுப் பத்திரமாய்த் திருப்பித் தருவோம். நம் தந்தையாரும் பார்க்க விரும்புகின்றார்.

அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கின்றார். சிறுவர் நாடகத்திற்கு வேடமிட்டோர் திரைக்குப் பின் காத்திருக்கின்றனர்.